அந்தக் குடில் யாருடையது?

மேற்கு வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள காமார்புகூருக்குச் செல்லும் யாத்திரிகர்கள் அங்கே இரு வகைக் கட்டடங்களை அருகருகே காண்கின்றனர். ஒன்று, பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் அவதரித்த இடத்தில் எழுந்துள்ள கற்கோயில். மற்றொன்று, அதனருகில் மண்சுவரும் வைக்கோல் கூரையுமாக நிற்கும் பழைய குடில். கோயிலில் தரிசனம் செய்தவர்கள் குடிலின் முன் வந்ததும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். அதன் வாசல் தாழ்வானது. அறை சிறியது. ஒரு சாதாரணக் கிராமக் குடும்பம் வாழ்வதற்கு வேண்டியதைவிட அதிகமாக அங்கே எதுவும் இல்லை.

இக்குடில் யாருடையது? இக்கேள்விக்குப் பதிவு அலுவலகத்தில் ஒரு விடை உண்டு. ஆனால் ஒரு பொருள் ஒருவருக்கு ‘உரியது’ என்று சொல்லும்போது உண்மையில் என்ன சொல்லப்படுகிறது என்பதை அந்த விடை விளக்குவதில்லை. பாகப்பிரிவினைக்காக உடன்பிறந்தோர் நீதிமன்றப் படியேறும் இந்நாளில், வரப்பு ஒரு சாண் நகர்ந்ததற்காகத் தலைமுறைப் பகை வளரும் இந்நாட்டில், இக்கேள்வி வெறும் தத்துவ விளையாட்டு அன்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அக்குடிலில் வாழ்ந்தவர்களையும் அதை விட்டுச் சென்றவர்களையும் வரிசையாக நினைத்துப் பார்த்தால், உடைமை என்பதன் பல பொருள்கள் ஒவ்வொன்றாகத் தெளிவடைகின்றன.

பொய் சொல்லாமையின் விலை

இக்குடிலின் வரலாறு காமார்புகூரில் தொடங்கவில்லை. அருகிலிருந்த தேரே என்னும் கிராமத்தில் தொடங்குகிறது. ஸ்ரீராமகிருஷ்ணரின் தந்தையான க்ஷுதிராம் சட்டோபாத்யாயருக்கு அங்கே பரம்பரை வீடும் ஏறத்தாழ 150 பீகா நிலமும் இருந்தன. வங்காளத்துப் பீகா என்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர். ஆகவே அது சுமார் 50 ஏக்கர். ஒரு கிராமத்து அந்தணக் குடும்பத்திற்கு அது குறைவற்ற செல்வம்.

அப்பகுதியின் ஜமீன்தார் ராமானந்த ராய், குடியானவன் ஒருவனுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் தமக்காகப் பொய்ச்சாட்சி சொல்லும்படி க்ஷுதிராமைக் கேட்டார். க்ஷுதிராம் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருந்தது. அந்த மதிப்பையே ஜமீன்தார் விலைக்குக் கேட்டார். க்ஷுதிராம் மறுத்துவிட்டார். அதன் விளைவாக அவர்மீதே ஒரு பொய் வழக்கு வந்தது. தீர்ப்பு ஜமீன்தாருக்குச் சாதகமாயிற்று. பரம்பரைச் சொத்து முழுவதும் ஏலத்தில் போயிற்று.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. தீர்ப்புக்குப் பிறகு தேரே நிலம் சட்டப்படி க்ஷுதிராமுக்கு உரியதல்ல. ஆவணம், முத்திரை, ஏலப் பதிவு எல்லாம் முறையாக இருந்திருக்கும். ஆயினும் அந்நிலம் வேறொருவருக்கு ‘உரியது’ ஆயிற்று என்று சொல்ல மனச்சாட்சி தயங்குகிறது. ஏன்? உரிமை என்பது சட்டம் தருவதற்கு முன்பே இருக்கின்ற ஒன்றைச் சட்டம் பதிவு செய்கிறது என்றே மனிதன் உள்ளூர நம்புகிறான். அந்த முன்னிருப்பு அறம். அறம் நீங்கிய பத்திரத்தில் எழுத்து இருக்கிறது, பொருள் இல்லை.

க்ஷுதிராமின் நிலையிலிருந்து பார்த்தால் இன்னொன்று புலனாகும். அவர்முன் இருந்தவை இரண்டு உடைமைகள். ஒன்று 150 பீகா நிலம். மற்றொன்று பொய் தீண்டாத நாக்கு. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள வழியில்லை என்ற நிலை வந்தபோது, எது தம்மைவிட்டுப் பிரிக்கக்கூடியது, எது பிரித்தால் தாமே இல்லாமற் போவது என்று அவர் முடிவு செய்தாக வேண்டியிருந்தது. அவர் நிலத்தை விட்டார். ஒருவனுடைய உண்மையான சொத்து எது என்று அறிய, அவன் எதைக் காக்க எதை இழக்கச் சம்மதிக்கிறான் என்று பார்த்தால் போதும்.

கொடையாக வந்த கூரை

1814-ஆம் ஆண்டு க்ஷுதிராம், மனைவி சந்திரமணி தேவி, மகன் ராம்குமார், மகள் காத்யாயனி ஆகிய நால்வரும் தேரேயை விட்டு வெளியேறினர். க்ஷுதிராமுக்கு அப்போது வயது 40-ஐ நெருங்கியிருந்தது. வாழ்வை முதலிலிருந்து தொடங்க வேண்டிய அந்நேரத்தில் காமார்புகூரைச் சேர்ந்த அவருடைய நண்பர் சுக்லால் கோஸ்வாமி அவரை அழைத்தார். தம்முடைய வீட்டு வளாகத்திலேயே சில குடில்களையும், லட்சுமிஜலா என்னும் இடத்தில் ஒரு பீகாவுக்குச் சற்று அதிகமான வயலையும் நிரந்தரமாக வழங்கினார். ஆக, 150 பீகாவுக்கு உரியவர் ஒரு பீகாவுக்கு உரியவர் ஆனார்.

தானம் என்பதற்கு மீமாம்சை தரும் இலக்கணம் நுட்பமானது. ஒருவன் தன் உரிமையைத் துறப்பதும் பிறனுடைய உரிமையை அங்கே நிலைநாட்டுவதும் சேர்ந்ததே தானம். துறந்தால் மட்டும் போதாது. அது பொருளை எறிவதாகிவிடும். பிறனைத் தன் தயவில் வைத்துக்கொண்டு கொடுப்பதும் தானமாகாது, அது இரவல். சுக்லால் செய்தது முழுமையான தானம். நண்பரைத் தம் வீட்டு விருந்தினராக வைத்துக்கொள்ளாமல், தமக்குச் சமமான ஓர் இல்லத்தலைவராக அவர் ஆக்கினார். வரலாற்றில் சுக்லாலைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. ஆனால் அவர் தம் வளாகத்தில் சில அடி நிலத்தைக் குறைத்துக்கொண்டிராவிட்டால், இன்று யாத்திரிகர்கள் குனிந்து நுழையும் அந்த வாசல் அங்கே இருந்திராது.

க்ஷுதிராமும் அக்கொடையை ‘என்னுடையது’ என்று இறுக்கிப் பிடிக்கவில்லை. வீட்டின் தலைவர் ரகுவீரர். தாம் அவருடைய பணியாளர் என்ற நினைவிலேயே அவர் வாழ்ந்தார். நடவுக் காலத்தில் ரகுவீரரின் திருநாமத்தைச் சொல்லிச் சில நாற்றுகளைத் தம் கையால் நட்டுவிட்டே மீதியை உழவர்களிடம் விடுவார். 1824-இல் அவர் நடந்தே ராமேசுவரம் சென்று, அங்கிருந்து ஒரு பாணலிங்கத்தைக் கொண்டுவந்து அக்குடிலின் பூஜையில் வைத்தார். அதன்பின் பிறந்த மகனுக்கு ராமேசுவரர் என்றே பெயரிட்டார். இவ்வாறு தமிழகக் கடற்கரையிலிருந்து சென்ற ஈசனும் வங்கத்துக் குடிலின் குடியிருப்போரில் ஒருவரானார்.

பிறப்பால் கிடைத்தது எது?

1836 பிப்ரவரி 18-ஆம் நாள் அவ்வீட்டின் நெற்குத்தும் கொட்டகையில் ஒரு குழந்தை பிறந்தது. மிதியுலக்கையும் நெல் அவிக்கும் அடுப்பும் இருந்த இடம் அது. பிறந்த குழந்தை அடுப்பின் சாம்பலில் சறுக்கி விழுந்து, உடல் முழுவதும் திருநீறு பூசியதுபோல் கிடந்ததை, பிரசவம் பார்த்த தனி என்னும் கொல்லர்குலப் பெண்மணி கண்டார். அக்குழந்தையே கதாதரர், பின்னாளில் ஸ்ரீராமகிருஷ்ணர்.

அக்குழந்தைக்கு அந்த வீட்டில் அன்று என்ன உரிமை இருந்தது? தமிழகம் உள்ளிட்ட பெரும்பகுதி இந்தியாவில் வழங்கிய மிதாட்சர முறையின்படி, மகனுக்குப் பரம்பரைச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை உண்டு. வங்காளத்தில் வழங்கியது ஜீமூதவாகனர் வகுத்த தாயபாக முறை. அதன்படி தந்தை உள்ளவரை மகனுக்குச் சொத்துரிமை எதுவும் இல்லை. ஆகவே கதாதரர் பிறந்த அன்று ஒரு பிடி மண்ணுக்கும் உரியவராக இல்லை. தேரேயின் 150 பீகா 22 ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது.

எனினும் பிறப்பால் அவர் ஒன்றைப் பெற்றார். உபநயனத்தின்போது முதல் பிட்சையைத் தனியிடமே பெறுவதாகச் சிறுவன் கதாதரர் முன்பே வாக்களித்திருந்தார். குல வழக்கத்திற்கு அது மாறானது என்று தமையன் தடுத்தார். சொன்ன சொல்லை மீறினால் பூணூல் தரிக்கும் தகுதியே இல்லை என்ற உறுதியில் அந்தச் சிறுவர் நின்றார். இறுதியில் தனியே அவருக்கு முதல் பிட்சை இட்டார். பிற்காலத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர் தேவியின் திருவடிகளில் நன்மை தீமை, தூய்மை தூய்மையின்மை, அறிவு அறியாமை ஆகிய அனைத்தையும் சமர்ப்பித்தார். வாய்மையை மட்டும் சமர்ப்பிக்க இயலவில்லை என்று அவரே கூறியுள்ளார். வாய்மையையும் கொடுத்துவிட்டால், மற்றவற்றைக் கொடுத்தேன் என்ற சொல்லுக்கு என்ன ஆதாரம் இருக்கும்?

தந்தை பொய்ச்சாட்சி சொல்லியிருந்தால் மகன்களுக்கு 150 பீகா நிலம் கிடைத்திருக்கும். அவர் சொல்லாததால் கிடைத்தது இதுதான். நிலத்தைப் பிள்ளைகளுக்குள் பங்கிடலாம். பங்கிடுந்தோறும் அது சிறுக்கும். வாய்மையைப் பங்கிட முடியாது; பெற்றவர் ஒவ்வொருவரும் அதை முழுமையாகவே பெறுகின்றனர். பெற்றோர் பிள்ளைகளுக்கு எதை விட்டுச் செல்கின்றனர் என்று கணக்கிடும்போது பட்டாவில் எழுத முடியாத இந்தச் சொத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

விட்டுச் சென்றவர்கள்

க்ஷுதிராம் 1843-இல் துர்க்கா பூஜைக்காகத் தம் மருமகனாரின் ஊருக்குச் சென்றிருந்தபோது அங்கேயே உடலை நீத்தார். கதாதரருக்கு அப்போது ஏழு வயது. குடும்ப பாரத்தைச் சுமந்த மூத்த மகன் ராம்குமார் கல்கத்தாவில் பாடசாலை நடத்தி, தட்சிணேசுவரக் கோயிலில் பூஜை செய்து, 1856-இல் வேலை நிமித்தம் சென்ற இடத்தில் மறைந்தார். அன்னை சந்திரமணி தேவி தம் இறுதிக் காலத்தைத் தட்சிணேசுவரத்தில் கங்கைக் கரையில் கழித்து, 1876-இல் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். ஸ்ரீராமகிருஷ்ணர் 1886 ஆகஸ்ட் 16-ஆம் நாள் மகாசமாதி அடைந்தது காசிப்பூரில், அன்பர்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு தோட்ட வீட்டில்.

ராமேசுவரர் ஒருவரே அக்குடிலில் நெடுநாள் இல்லறத்தை நடத்தி, 1873-இல் சொந்த ஊரிலேயே மறைந்தவர். வாசலுக்கு வரும் சாதுக்கள் பாத்திரமோ போர்வையோ கேட்டால், வீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார். போனது மீண்டும் வரும் என்று வீட்டாரைச் சமாதானப்படுத்துவார். தம் உடலை மயானத்தில் எரிக்காமல் வழியோரத்தில் எரிக்கும்படி அவர் இறுதியில் கேட்டுக்கொண்டார். புரி யாத்திரை செல்லும் சாதுக்களின் பாததூளி தம்மீது பட வேண்டும் என்பது அவரது விருப்பம். வீட்டில் நிலைத்து வாழ்ந்த ஒருவர், கடந்து செல்பவர்களின் காலடித் தூசியையே தம் இறுதிச் சொத்தாகக் கேட்டார்.

வீடு மனிதனுக்குச் சொந்தமா, மனிதன் வீட்டுக்குச் சிலகாலம் சொந்தமா என்று இவற்றைப் பார்க்கும்போது கேட்கத் தோன்றுகிறது. ‘என் வீடு’ என்று சொல்லும் ஒவ்வொருவரும் வீட்டின் வாழ்நாளில் ஓர் அத்தியாயம் மட்டுமே. இரு சகோதரர்கள் கயிறு பிடித்து நிலத்தை அளந்து, இப்பக்கம் என்னுடையது, அப்பக்கம் உன்னுடையது என்று பிரிக்கும்போது இறைவன் சிரிப்பதாக ஸ்ரீராமகிருஷ்ணர் கூறுவார். அச்சிரிப்பு ஏளனச் சிரிப்பன்று. மணலில் வீடு கட்டிச் சண்டையிடும் குழந்தைகளைப் பார்க்கும் தாயின் சிரிப்பு அது.

கையெழுத்திட இயலாதவர்

ரகுவீரர் பூஜைக்கான நிலத்தைப் பதிவு செய்வதற்காக ஸ்ரீராமகிருஷ்ணர் ஒருமுறை பதிவு அலுவலகத்திற்குச் செல்ல நேர்ந்தது. பத்திரத்தில் கையெழுத்திடச் சொன்னபோது அவரால் இயலவில்லை. ‘என் நிலம்’ என்ற உணர்வு அவருக்கு வரவில்லை. உணராததை எழுதினால் அது பொய்யாகும். அங்கே அவருக்கு மரியாதையாகக் கொடுத்த மாம்பழங்களையும் அவரால் வீட்டிற்கு எடுத்துச் செல்ல முடியவில்லை. தேரேயில் தந்தை பொய்ச்சாட்சி சொல்ல மறுத்ததும், இங்கே மகன் கையெழுத்திட இயலாமல் நின்றதும் ஒரே செயலின் இரு வடிவங்கள். தந்தை பிறர் நிலத்தைப் பற்றிய பொய்யைச் சொல்லவில்லை. மகன் தம் நிலம் என்ற பொய்யையும் சொல்லவில்லை.

ஆனால் இதே ஸ்ரீராமகிருஷ்ணர் தம் இறுதிக் காலத்தில் அன்னை ஸ்ரீசாரதாதேவிக்குக் கூறிய அறிவுரை முதல் பார்வையில் இதற்கு முரணாகத் தோன்றும். தமக்குப் பின் காமார்புகூரில் வாழும்படியும், கீரை பயிரிட்டு, கிடைக்கும் சோற்றை உண்டு, ஹரி நாமத்தைச் சொல்லும்படியும் அவர் கூறினார். ஒரு காசுக்காகவும் எவரிடமும் கை நீட்ட வேண்டாம் என்றார். அன்பர்கள் எவ்வளவு அன்போடு அழைத்தாலும் காமார்புகூரில் உள்ள சொந்தக் குடிலை விட்டுவிட வேண்டாம் என்றும் வலியுறுத்தினார்.

‘என்னுடையது’ என்று எழுத இயலாதவர், ‘உன்னுடையதை விடாதே’ என்று கூறுகிறாரே! இது எவ்வாறு பொருந்தும்?

மண்வெட்டி ஏந்திய அன்னை

விடை அடுத்த ஆண்டு நிகழ்வுகளில் இருக்கிறது. பிருந்தாவன யாத்திரை முடிந்து 1887-இல் அன்னை காமார்புகூருக்குத் திரும்பினார். அவருக்கு வயது 33. தட்சிணேசுவரக் கோயிலிலிருந்து மாதந்தோறும் வந்துகொண்டிருந்த 7 ரூபாய் நின்றுபோயிற்று. குடும்பத்தார் பலர் வெளியூரில் இருந்தனர். பெரும்பாலும் தனிமை. மண்வெட்டியால் தாமே நிலத்தைக் கொத்திக் கீரை பயிரிட்டார். சோறு ஆக்கி ரகுவீரருக்குப் படைத்து, அதையே உண்டார். அதற்கு உப்பும் கிடைக்காத நாட்கள் உண்டு. விதவைக்கோலம் முழுமையாக ஏற்கவில்லை என்று ஊரார் சிலர் பேசிய பேச்சும் சேர்ந்துகொண்டது. பிரசன்னமயி போன்ற ஊர்ப் பெரியவர் சிலரே ஆதரவாகப் பேசினர். அன்னை யாருக்கும் தம் நிலையைத் தெரிவிக்கவில்லை. யாரிடமும் கை நீட்டவும் இல்லை. செய்தி எப்படியோ வெளியே தெரிந்து, அன்பர்கள் பதறி அழைத்த பின்னரே 1888-இல் கல்கத்தாவுக்குச் சென்றார்.

அந்த மாதங்களில் அக்குடில் அன்னைக்கு என்னவாக இருந்தது? செல்வமாகவா? அங்கே செல்வம் எதுவும் இல்லை. இன்பமாகவா? அதுவும் இல்லை. பிறர் தயவை எதிர்பாராமல் நிமிர்ந்து நிற்பதற்கு ஒரு கூரை, அவ்வளவே. உடைமைக்கு இரு முகங்கள் உண்டு என்பது இங்கே தெளிவாகிறது. ஒன்று பற்று: இது என்னுடையது, ஆகவே நான் பெரியவன் என்பது. மற்றொன்று தன்மானம்: இது இருப்பதால் நான் யார் முன்னும் குனிய வேண்டியதில்லை, யாருக்காகவும் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பது. ஸ்ரீராமகிருஷ்ணர் மறுத்தது முதலாவதை. அன்னைக்குக் காத்துத் தந்தது இரண்டாவதை. ஜமீன்தாரின் நிழலில் வாழ்ந்து, ஒரே நாளில் கூரையை இழந்த குடும்பத்தில் பிறந்தவருக்கு, சொந்தக் கூரை இல்லாத பெண்ணுக்கு உலகம் என்ன செய்யும் என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

மேனாட்டுத் தத்துவஞானி ஜான் லாக், ஒருவன் தன் உழைப்பை நிலத்தோடு கலக்கும்போது அது அவனுக்கு உரியதாகிறது என்று வாதிட்டார். அந்த அளவுகோலின்படி, மண்வெட்டி ஏந்திய அன்னையைவிட அக்குடிலுக்கு உரியவர் வேறெவரும் இலர். ஆனால் அன்னை அந்த உரிமையை ஒருநாளும் கொண்டாடவில்லை. அடுத்தவர் அழைத்தபோது, குடிலின் கதவைச் சாத்திவிட்டு எளிதாக வெளியேறினார். உழைப்பு இருந்தது, அதன்மீது எழும் அகந்தை இல்லை. வேண்டும்போது உறுதியாகப் பற்றி நிற்கவும், வேண்டாதபோது வருத்தமின்றி விடவும் இயன்ற மனமே உடைமையைச் சரியாக உடையது.

யார் சொல்ல வேண்டிய சொல்?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ‘எதுவும் எவருக்கும் சொந்தமில்லை, எல்லாம் இறைவனுடையது’ என்னும் வாக்கியம் ஈசாவாஸ்ய உபநிடதத்தின் முதல் மந்திரத்தைச் சிந்தித்தவர் எவரும் ஏற்கும் உண்மை. ஆயினும் அந்த உண்மையை யார், யாரை நோக்கிச் சொல்கிறார் என்பது முக்கியம். தேரேயில் வீட்டை இழந்து நின்ற க்ஷுதிராமிடம் ராமானந்த ராய், ‘ஐயா, நிலம் யாருக்குத்தான் சொந்தம்? எல்லாம் மாயை’ என்று கூறியிருந்தால், அது வேதாந்தமாக இருந்திருக்குமா? அது களவுக்குப் போர்த்திய காவித்துணியாகவே இருந்திருக்கும்.

அபரிக்கிரகம் என்னும் உடைமை மறுப்பு, ஒருவன் தன்னைப் பற்றி எடுக்கும் விரதம். பிறனைப் பற்றி அவன் வழங்கும் தீர்ப்பு அன்று. உண்ணாநோன்பு புண்ணியம் என்பதற்காகப் பசித்தவன் இலையை இழுப்பது புண்ணியமாகாது. வாடகைக்கு இருப்பவரை இரவோடிரவாக வெளியேற்றுபவனும், தங்கையின் பங்கைத் தராமல் ‘உனக்கு எதற்கு ஆசை’ என்று உபதேசிப்பவனும், பாமரர் நிலத்தைப் போலிப் பத்திரத்தால் எழுதிக்கொள்பவனும் வேதாந்தச் சொற்களைப் பயன்படுத்தலாம். வேதாந்தம் அவர்களைச் சேராது. தன் பொருளை நோக்கும்போது ‘இது இறைவனுடையது’ என்றும், பிறன் பொருளை நோக்கும்போது ‘இது அவனுடையது’ என்றும் எண்ணுவதே முறை. இவ்வரிசை மாறும்போது தத்துவம் அநீதியின் கருவியாகிவிடுகிறது.

இறைவன் பெயரில் ஒரு பத்திரம்

காலம் நகர்ந்தது. 1946-ஆம் ஆண்டு ஸ்ரீராமகிருஷ்ணரின் உறவினர்களிடமிருந்து பிறந்த இடமும் அதனையொட்டிய மனைகளும் பேலூர் மடத்தின் பொறுப்புக்கு வந்தன. 1947-இல் அங்கே கிளை மையம் தொடங்கப்பட்டது. நெற்குத்தும் கொட்டகை இருந்த இடத்தில் ஓவியர் நந்தலால் போஸ் வடிவமைத்த கோயில் 1951 மே 11-ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பகவானின் பளிங்குத் திருவுருவம் அமர்ந்துள்ள பீடத்தில் உலக்கையும் அடுப்பும் விளக்கும் செதுக்கப்பட்டுள்ளன. குடிலோ மண்சுவரும் வைக்கோலுமாகவே காக்கப்பட்டு வருகிறது.

இப்போது உரிமையாளர் யார்? தெய்வமா, சங்கமா? மீமாம்சைக்கு உரை எழுதிய சபரர் இதில் மிகவும் கண்டிப்பானவர். ஒருவன் தன் விருப்பப்படி எதைப் பயன்படுத்த முடியுமோ அதுவே அவனுடையது. தேவர்கள் எந்த வயலையும் அவ்வாறு பயன்படுத்துவதில்லை. ஆகவே ‘தேவனின் வயல்’ என்பது உபசார வழக்கு மட்டுமே என்பது அவர் கருத்து. இந்தியச் சட்டம் வேறு வழியில் சென்றது. 1925-இல் கல்கத்தாக் குடும்பம் ஒன்றின் வழிபாட்டு மூர்த்தியைப் பற்றிய வழக்கில், பிரதிஷ்டை செய்யப்பட்ட மூர்த்தி சட்டத்தின் பார்வையில் ஒரு நபர் என்றும், எங்கே எழுந்தருள்வது என்பதில் அதன் விருப்பம் மதிக்கப்பட வேண்டும் என்றும் பிரிவி கவுன்சில் கூறியது.

இவ்விரண்டில் எது சரி? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஆழ்ந்த பொருள் தோன்றுகிறது. ‘விருப்பப்படி பயன்படுத்துவதே உடைமை’ என்று சபரர் சொன்னது உலகியலில் உண்மை. அந்த ‘விருப்பப்படி’ என்பதைத்தான் க்ஷுதிராம் முதல் நாற்றை நடும்போது ரகுவீரரிடம் ஒப்படைத்தார். இறைவன் பெயரில் பத்திரம் எழுதுவது இறைவனுக்குச் சொத்துச் சேர்ப்பதற்காக அன்று. மனிதனின் ‘என் விருப்பப்படி’ என்ற சொல்லை அடக்குவதற்காக. அறங்காவலர், அர்ச்சகர், நிர்வாகி எவராயினும் தம் விருப்பத்திற்கு மேலாக ஒரு விருப்பம் உண்டு என்பதை அந்தப் பத்திரம் நாள்தோறும் நினைவூட்டுகிறது. அதை மறந்தால் கோயில் நிலமும் ஜமீன் நிலமாகிவிடும்.

அதே 1951-இல், கோயில் பிரதிஷ்டைக்கு 23 நாட்களுக்கு முன், ஏப்ரல் 18-ஆம் நாள், தெலங்கானாப் பகுதியிலுள்ள போச்சம்பள்ளியில் நிலமற்றோர் கேட்ட 80 ஏக்கருக்காக வினோபா பாவே ஊராரிடம் வேண்டினார். ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் அளித்தார். பூதான இயக்கம் பிறந்தது. 1953-இல் மேற்கு வங்காளச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் ஜமீன்தாரி உரிமைகளை அரசுடைமையாக்கியது. ராமானந்த ராயைப் போன்றோரின் அதிகாரத்திற்கு ஆதாரமான 1793-ஆம் ஆண்டு நிரந்தர நிலவரி ஏற்பாடு அவ்வாறு முடிவுற்றது. பொய் வழக்கில் வென்ற உரிமையை இன்று எவரும் தேடிச் செல்வதில்லை. நண்பன் மனமுவந்து பிரித்துக் கொடுத்த ஒரு துண்டு மனையைத் தேடி உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர்.

கூரை மாறும், குடில் நிற்கும்

வைக்கோல் கூரை நெடுங்காலம் நிற்பதில்லை. மழை, வெயில், பூச்சி ஆகியவற்றால் நைந்துபோகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேய வேண்டும். மண்சுவரையும் மெழுகிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று யாத்திரிகர் காணும் வைக்கோலில் ஒன்றுகூட க்ஷுதிராம் கண்டதன்று. அப்படியானால் இது அதே குடில்தானா? சக்கரமா, அச்சா, நுகமா, எது தேர் என்று நாகசேனர் மிலிந்த மன்னனிடம் கேட்ட கேள்வியையே இங்கும் கேட்கலாம். வைக்கோல் அன்று, மண் அன்று, பத்திரமும் அன்று. அக்குடிலை அக்குடிலாக வைத்திருப்பது அங்கே வாழ்ந்தவர்கள் எதை விட்டார்கள், எதை விடவில்லை என்பதன் நினைவே.

ஒவ்வொரு வீட்டிலும் பெட்டிக்குள் ஒரு பத்திரம் இருக்கிறது. அதில் நான்கு எல்லைகள் எழுதப்பட்டுள்ளன. வடக்கே யாருடைய மனை, கிழக்கே எந்தத் தெரு என்று அது கூறும். அந்த எல்லைகளுக்குள் பேசப்பட்ட உண்மை எவ்வளவு, வாசலில் நின்றவருக்கு இட்ட சோறு எவ்வளவு, உடன்பிறந்தவருக்கு விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று அது கூறாது. பிள்ளைகளோ அதையே முதலில் படித்து வளர்கின்றனர். பத்திரத்தைக் கையில் எடுக்கும் நாளில், கையெழுத்திடுவதற்கு முன் ஒரு கணம், காமார்புகூரின் தாழ்ந்த வாசலை நினைத்துக்கொள்வது நல்லது. அந்த வாசல் இன்றும் குனிந்தவர்களையே உள்ளே விடுகிறது.